இணையத்தை நிறுத்தினார்கள், சரி. அதனால் என்ன ஆனது என்று யாராவது கணக்குக் காட்டினார்களா?

வைப்பாறு | ஞாயிறு, இரவு 8.40

இந்த மன்றத்தில் மணிப்பூர் கலவரம் பற்றி ஓடும் இழையில் ஒரு நண்பர், "பதற்றமான இடத்தில் இணையத்தை நிறுத்தாமல் வேறென்ன செய்ய முடியும்?" என்று கேட்டிருந்தார். அங்கே பதில் எழுதினால் அந்த இழை திசைமாறிவிடும். அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

நிறுத்தலாமா கூடாதா என்ற பட்டிமன்றத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைப்போம். நிறுத்தியதால் கலவரம் அடங்கியது, வதந்தி குறைந்தது, உயிர்கள் தப்பின என்று எந்த அரசாவது ஒரு பக்கமாவது எழுதிக் காட்டியிருக்கிறதா? அதுதான் என் கேள்வி. 2021 டிசம்பரில் சசி தரூர் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு இதையே கேட்டுப் பார்த்தது. பலனைப் பற்றிய ஆய்வு கிடக்கட்டும், நாட்டில் எத்தனை முறை இணையம் நிறுத்தப்பட்டது என்ற பதிவேடே உள்துறை அமைச்சகத்திடமும் இல்லை, தொலைத்தொடர்புத் துறையிடமும் இல்லை. சட்டம் ஒழுங்கு மாநிலங்களின் பொறுப்பு என்று கைகழுவிவிட்டார்கள். ஊர் ஊராக மாடு, ஆடு எத்தனை என்று கணக்கெடுக்கிற அரசு இது.

இப்போது இருக்கும் எண்ணிக்கையெல்லாம் தன்னார்வ அமைப்புகள் தேடித் தொகுத்தவை. ஆக்சஸ் நவ் கணக்குப்படி 2023இல் இந்தியாவில் 116 முறை, 2024இல் 84 முறை. 2024இல் மியான்மர் 85 என்று ஒன்று கூடுதலாகப் போனதால், பல ஆண்டுகளாக நாம் விடாமல் வைத்திருந்த முதலிடம் பறிபோனது. அப்போது ராணுவ ஆட்சியில் இருந்த நாட்டோடு ஓர் எண் வித்தியாசத்தில் போட்டி போட்டோம்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லித் தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போனவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. அன்றும் மறுநாளுமாக 13 பேர் பலி. இணையம் எப்போது நின்றது? மறுநாள், 23ஆம் தேதி. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி என மூன்று மாவட்டங்களுக்கும் 27 வரை என்று உத்தரவு. முதல் நாளே நிறுத்தியிருந்தால் கூட்டம் சேராமல் தடுக்க என்றாவது சொல்லலாம். சுட்ட பிறகு நிறுத்தியது எதைத் தடுக்க? மருத்துவமனையில் கிடப்பது யார், இறந்தவர் பட்டியலில் யார் பெயர் என்று குடும்பங்கள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த ஆண்டுதான் பொறியியல் கலந்தாய்வு முதன்முறையாக ஆன்லைனுக்கு மாறியிருந்தது. விண்ணப்பம் போடும் மாதம் மே. கோவில்பட்டியில் என் மைத்துனர் மொபைல் டேட்டாவை நம்பி ஒரு சின்னக் கணினி மையம் நடத்திவந்தார். சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகளைச் சாத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். சாத்தூர் விருதுநகர் மாவட்டம், அங்கே இணையம் உண்டு. இருபது கிலோமீட்டர் தள்ளி இருப்பவனுக்கு இருக்கிற உரிமை எனக்கு இல்லை; ஏன் இல்லை என்று எழுதிய காகிதத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

யாராவது பார்த்திருக்கிறீர்களா?

காக்கி ஓய்வு | ஞாயிறு, இரவு 9.25

வைப்பாறு, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் ஒருவனாவது பேச வேண்டும். காவல் துறையில் முழுக்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தூத்துக்குடியில் பணியில் இல்லை, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு திருவிழாத் தகராறு சாதிக் கலவரமாக மாறுகிற இரவை நினைத்துப் பாருங்கள். நான்கு கிராமங்கள். கையில் இருக்கும் ஆட்கள் இரண்டு கிராமத்துக்குத்தான் வருவார்கள். அந்த நேரத்தில் வேறெங்கோ, எப்போதோ எடுத்த பிணத்தின் படத்தை, "நம் பையனை வெட்டிவிட்டார்கள்" என்று ஒருவன் போடுகிறான். அரை மணி நேரத்தில் மூன்றாவது ஊரில் டிராக்டரில் ஆள் ஏறுகிறது. பொய்யை மறுக்க எனக்கு விடியும்வரை நேரம் வேண்டும். இணையம் இல்லாத ஆறு மணி நேரம் எனக்கு இரண்டு கம்பெனி ஆயுதப்படை வந்ததற்குச் சமம். இதைக் கணக்கில் எப்படிக் காட்டுவது? நடக்காமல் போன கொலைக்கு எஃப்ஐஆர் கிடையாது.

வைப்பாறு | ஞாயிறு, இரவு 9.41

ஐயா, நடக்காமல் போனதைக் காட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த வாதம் எதற்கும் பொருந்தும் என்பதுதான் ஆபத்து. 2018 ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கம் எப்படிப் பரவியது என்று உங்களுக்குத் தெரியும். போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அப்போது அந்த மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தவில்லை. காவல் துறை ஊர் ஊராகப் போய் மறுத்தது, பரப்பியவர்களைப் பிடித்தது. அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனமே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. நேரடியாக வதந்தியால் உயிர் போனபோது இணையம் ஓடியது. அரசின் துப்பாக்கியால் உயிர் போனபோது இணையம் நின்றது. இரண்டும் ஒரே மாதம், ஒரே மாநிலம்.

காக்கி ஓய்வு | ஞாயிறு, இரவு 9.58

பிள்ளை பிடிக்கிறவர் வதந்தி அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடித்தது. இடம் முன்கூட்டித் தெரியாது, எங்கே நிறுத்துவது? சாதிக் கலவரத்தில் ஊர் தெரியும், வழி தெரியும், நேரம்கூடத் தெரியும். இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். உங்கள் கடைசி வரி நன்றாகத் தைக்கிறது, அதை மறுக்கவில்லை.

வழக்குரை | ஞாயிறு, இரவு 10.30

சட்டத்தின் நிலையைக் கொஞ்சம் சொல்கிறேன். இல்லாவிட்டால் இரண்டு பேரும் விடியும்வரை பேசுவீர்கள்.

2017 வரை பெரும்பாலும் 144 தடை உத்தரவைக் காட்டித்தான் நிறுத்தினார்கள். அதாவது மாவட்ட அளவில் ஒரு கையெழுத்து போதும். குஜராத்தில் 2015இல் படேல் இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது அப்படி நிறுத்தியதை அந்த மாநில உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2017 ஆகஸ்டில்தான் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் கீழ் தனி விதிகள் வந்தன. அவற்றின்படி மத்தியில் உள்துறைச் செயலர், மாநிலத்தில் மாநில உள்துறைச் செயலர்தான் பொதுவாக உத்தரவிட வேண்டும். காரணத்தை எழுத வேண்டும். உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் எஸ்பி பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். மாநிலத்தில் தலைமைச் செயலர் தலைமையிலான மறுஆய்வுக் குழு ஐந்து வேலை நாட்களுக்குள் கூடி, உத்தரவு சட்டப்படி சரியா என்று பதிவு செய்ய வேண்டும்.

இப்போது தூத்துக்குடித் தேதிகளைப் போட்டுப் பாருங்கள். மே 23 புதன்கிழமை உத்தரவு. 27 ஞாயிறு முடிவு. ஐந்து வேலை நாட்கள் என்றால் 30ஆம் தேதி, அடுத்த புதன். குழு விதியை ஒரு நாள்கூட மீறாமல் கூடியிருந்தாலும், பிணத்துக்கு வைத்தியம் பார்த்திருக்கும். நாட்டில் பெரும்பாலான நிறுத்தங்கள் சில மணி நேரமோ சில நாட்களோதான். அதாவது மறுஆய்வு என்ற பாதுகாப்பு, மிகப் பெரும்பாலான குடிமக்களுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது. விதியை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

2020 ஜனவரி 10 அன்று அனுராதா பசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் 'காஷ்மீர் டைம்ஸ்' இதழின் நிர்வாக ஆசிரியர். இணையம் வழியாகப் பேசுவதற்கும் தொழில் நடத்துவதற்கும் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவுப் பாதுகாப்பு உண்டு, காலவரையின்றி நிறுத்தக் கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும், தேவைக்கு மிஞ்சிய தடை கூடாது, ஏழு வேலை நாளுக்கு ஒருமுறை மறுஆய்வு வேண்டும் என்றது. பலர் நினைப்பதுபோல் இணைய இணைப்பே அடிப்படை உரிமை என்று அதில் சொல்லவில்லை. கேரள உயர் நீதிமன்றம்தான் 2019 செப்டம்பரில், விடுதியில் மொபைல் தடையை எதிர்த்த ஒரு மாணவியின் வழக்கில், இணையத்தைப் பெறும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று ஒரு படி மேலே போனது.

ஆக, வைப்பாறு கேட்ட காகிதம் வெளியிடப்பட வேண்டிய காகிதம். 2024 நவம்பரில் வந்த புதிய விதிகளிலும் உத்தரவைக் காரணத்தோடு வெளியிட வேண்டும், 15 நாளுக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. காக்கி ஐயாவின் ஆறு மணி நேரத்தை எதிர்த்து நான் வாதாட மாட்டேன். ஆறு மணி நேரம், நான்கு கிராமம், இன்ன காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வெளியிடட்டும். ஆனால் ஆறு மணி நேரத்துக்கான காரணத்தைச் சொல்லி மூன்று மாவட்டத்தை ஐந்து நாள் வாங்கிக்கொள்கிறார்கள்.

கோபுரக்காரன் | ஞாயிறு, இரவு 11.15

தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். "நான்கு கிராமம் மட்டும்" என்பது காகிதத்தில் எளிது. உத்தரவு எங்களிடம் வரும்போது மாவட்டத்தின் பெயர் இருக்கும், அல்லது வட்டத்தின் பெயர். எல்லைக்கோடு வருவாய்த் துறையின் வரைபடத்தில் இருக்கிறது, கோபுரத்தின் அலைக்கு அது தெரியாது. எல்லையோரக் கோபுரத்தை நிறுத்தினால் பக்கத்து மாவட்டத்து ஊரும் சேர்ந்து போகும். விட்டால் உள்ளே ஒரு மூலையில் சிக்னல் கிடைக்கும். உத்தரவை மீறினான் என்ற பெயர் யாருக்கு வேண்டும்? அதனால் எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே நிறுத்துவார்கள்.

இன்னொன்று. பெரும்பாலும் நிறுத்துவது மொபைல் டேட்டாவை. பெரிய அலுவலகத்தின் தனிக் கம்பி வேலை செய்துகொண்டே இருக்கும். வீட்டில் பிராட்பேண்ட் வைத்திருப்பவருக்கு இது செய்தி. மாத ரீசார்ஜில் ஓடுகிறவருக்கு இது அடைப்பு. எல்லோருக்கும் பொதுவான தடை என்று சொல்வதில் உண்மை இல்லை.

உச்சக்கட்டக் கூத்தைக் காஷ்மீரில் பார்த்தோம். 2019 ஆகஸ்ட் 4 இரவு எல்லாம் போயிற்று. 2020 ஜனவரி 25இல் 2ஜி வேகத்தில், அரசு அனுமதித்த 301 தளங்களுக்கு மட்டும் திறந்தார்கள். இன்றைய ஒரு வங்கித் தளம் தன் எழுத்துருவை ஒரு சர்வரிலிருந்தும், படத்தை இன்னொன்றிலிருந்தும், பாதுகாப்புச் சோதனையை மூன்றாவதிலிருந்தும் எடுக்கும். பட்டியலில் வங்கியின் முகவரி இருக்கும், மற்ற மூன்றும் இருக்காது. பக்கம் பாதி திறந்து நிற்கும். இணையம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த ஒருவரைக்கூடக் கேட்காமல் போட்ட பட்டியல் அது. 4ஜி முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரி 5. இடையில் கொரோனா. இங்கிலாந்து மருத்துவர்கள் எழுதிய தீவிர சிகிச்சை வழிகாட்டி, 24 எம்பி கோப்பு, ஒரு மணி நேரமாகியும் இறங்கவில்லை என்று ஸ்ரீநகரின் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் அப்போது ட்விட்டரில் புலம்பியிருந்தார்.

அவர்களும் பஸ் ஏறினார்கள், வைப்பாறு, அங்கே ரயில். பள்ளத்தாக்கிலிருந்து பனிஹாலுக்குப் போனால் இணையம் கிடைக்கும் என்று மாணவர்களும் வியாபாரிகளும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அந்த ரயிலுக்கு இன்டர்நெட் எக்ஸ்பிரஸ் என்றே பெயர் வந்துவிட்டது.

இம்பால் சாலை | திங்கள், காலை 7.05

இரவு முழுக்கப் படித்தேன். மணிப்பூர் என்று பெயர் வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

என் சித்தப்பா குடும்பம் மோரேயில் இருக்கிறது. மியான்மர் எல்லையோர ஊர். அறுபதுகளில் பர்மாவை விட்டு வந்து, திரும்பப் போகப் பார்த்து, எல்லையிலேயே தங்கிவிட்ட தமிழர்கள் அங்கே இருக்கிறார்கள். அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கிறது. 2023 மே 3இல் கலவரம் தொடங்கியது. இணையமும் நின்றது. அவர்கள் வீட்டில் பிராட்பேண்ட் எல்லாம் கிடையாது.

தங்கைக்குச் சென்னையில் கல்லூரி விண்ணப்பம். நான் இங்கே மடிக்கணினி முன்னால், சித்தப்பா அங்கே கையில் போனுடன். ஓடிபி அவர் எண்ணுக்குத்தான் போகும். குரல் அழைப்பு விட்டுவிட்டுக் கிடைத்தது. "வந்துவிட்டதா சித்தப்பா?" "இல்லைப்பா." "இப்போது?" "வந்தது, வந்தது, நான்கு... ஏழு..." என்று அவர் படிப்பதற்குள் திரையில் நேரம் தீர்ந்துவிடும். மறுபடி அனுப்பச் சொன்னால் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றாக வந்து சேரும். எது எது என்று அவருக்குத் தெரியாது. ஊரில் வீடு எரிகிற வாரத்தில், ஆறு இலக்க எண்ணைத் தப்பாகப் படித்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார் அந்த மனிதர்.

பிராட்பேண்டை ஜூலை 25இல் நிபந்தனைகளோடு திறந்தார்கள். நிலையான ஐபி முகவரி வேண்டும், வைஃபை ஹாட்ஸ்பாட் கூடாது, தளத் தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவும் விபிஎன் கூடாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மொபைல் இணையம் செப்டம்பர் 23இல் வந்தது, 26இல் மறுபடி போனது. டிசம்பர் தொடக்கத்தில்தான் ஓரளவுக்கு நிலைத்தது.

காக்கி ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இரண்டு பெண்களை நிர்வாணமாக்கி இழுத்துச் சென்ற கொடுமை நடந்தது மே 4. அந்த வீடியோ உலகத்துக்குத் தெரிந்தது ஜூலை 19. மறுநாள் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து பேசியது, பிரதமர் பேசினார், கைதுகள் தொடங்கின. காவல் நிலையத்தில் புகார் மே மாதமே பதிவாகியிருந்தது. அந்த இரண்டரை மாதம் இணைய நிறுத்தம் காப்பாற்றியது யாரை?

காக்கி ஓய்வு | திங்கள், காலை 8.20

தம்பி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் சொன்னது ஆறு மணி நேரம். மாதக்கணக்கில் நிறுத்துவது காவல் பணியே இல்லை. அது வேறு.

வடமராட்சி | திங்கள், காலை 11.50

இலங்கையிலிருந்து ஒரு குரல். எங்கள் ஆட்களுக்குத் துண்டிப்பு புதிதல்ல. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமும் தொலைபேசியும் நின்றபோது ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்தது. கொழும்பிலிருந்த மகன் உயிரோடு இருக்கிறானா என்று கடிதம் வந்தால்தான் தெரியும் என்று அம்மா சொல்லுவார். ஆனால் தெற்கில் இருப்பவர்களுக்கு இந்த அனுபவம் 2018 மார்ச்சில்தான் வந்தது. திகன, கண்டியில் முஸ்லிம் மக்களின் கடைகளையும் வீடுகளையும் எரித்த நேரம் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபரை ஒரு கிழமையளவு தடுத்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் தடுத்தார்கள்.

காக்கி ஐயா சொல்லும் நியாயம் அங்கே பொருந்தும்போல் தெரியும். வெறுப்புப் பதிவுகள் உண்மையாகவே தீயை மூட்டின. ஆனால் அந்தப் பதிவுகளைப் பற்றி அதற்கு முன்பே பலர் முறையிட்டிருந்தார்கள். சிங்களத்தில் எழுதியதைப் படித்து நீக்க பேஸ்புக் நிறுவனத்தில் போதிய ஆட்கள் இல்லை. 2020இல் அந்த வன்முறையில் தங்கள் தளத்துக்கு இருந்த பங்குக்காக அவர்களே மன்னிப்புக் கேட்டார்கள். வருமுன் செய்யவேண்டிய வேலையை நிறுவனமும் செய்யவில்லை, அரசும் கேட்கவில்லை. வந்தபின் முழு நாட்டின் வாயையும் சேர்த்துக் கட்டினார்கள்.

பிறகு 2022 ஏப்ரல் 3. அப்போதைய ஜனாதிபதி கோட்டாபயவுக்கு எதிராக மக்கள் வீதிக்கு வரவிருந்த நாள். ஊரடங்குச் சட்டம், நள்ளிரவிலிருந்து சமூக ஊடகத் தடை. பாதுகாப்பு அமைச்சு கேட்டது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு செய்தது. அந்த நேரம் நாமல் ராஜபக்ச அமைச்சர். அவரே, இந்தத் தடையை நான் ஏற்கவில்லை, இதோ விபிஎன்னில்தான் எழுதுகிறேன், இப்படித் தடுப்பதில் பயனே இல்லை என்று ட்விட்டரில் போட்டார்! தடை அன்று பின்னேரமே போய்விட்டது. அமைச்சரவையில் இருந்தவரே வேலிக்கு வெளியே நின்றுகொண்டு வேலி சரியில்லை என்றார். அந்தத் தடையால் வீதிக்கு வந்த கூட்டம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஜூலையில் கோட்டாபய நாட்டை விட்டே போனார்.

கோபுரக்காரன் | திங்கள், மதியம் 1.10

வடமராட்சி சொல்வதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். இலங்கையில் செய்தது தளங்களைத் தடுப்பது. அதை விபிஎன் தாண்டும். இங்கே பெரும்பாலும் செய்வது டேட்டாவையே நிறுத்துவது. இணைப்பே இல்லாதபோது விபிஎன் வைத்து என்ன செய்வது? சில நண்பர்கள் எல்லா இழையிலும் "விபிஎன் போட்டுக்கொள்ளுங்கள்" என்று எழுதுகிறார்கள், அதற்காகச் சொன்னேன். எகிப்தில் 2011 ஜனவரி 28 அதிகாலையில் செய்தது இன்னும் ஆழமானது: நாட்டின் முகவரிகளுக்கு வழி இதுதான் என்று மற்ற நாட்டு ரவுட்டர்களுக்குச் சொல்லும் அறிவிப்புகளையே திரும்பப் பெற்றார்கள். ஐந்து நாள் எகிப்து உலக இணைய வரைபடத்திலேயே ஏறக்குறைய இல்லை. அது தொடங்கி இரண்டே வாரத்தில் அதிபர் முபாரக் பதவியை விட்டுப் போனார்.

வைகைக்கரை | திங்கள், மாலை 4.30

எல்லோரும் கலவரம், போராட்டம் என்றே பேசுகிறீர்கள். தேர்வுக்காக நிறுத்துவதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? ராஜஸ்தானில் 2021 செப்டம்பரில் ஆசிரியர் தகுதித் தேர்வான ரீட்டுக்காகப் பல மாவட்டங்களில் மொபைல் இணையத்தை நிறுத்தினார்கள். காப்பி அடிக்காமல் இருக்கவாம். வினாத்தாள் தேர்வுக்கு முன்பே ஜெய்ப்பூரில் அதைப் பூட்டி வைத்திருந்த இடத்திலிருந்தே வெளியே போயிருந்தது. 2022 பிப்ரவரியில் இரண்டாம் நிலைத் தேர்வை ரத்து செய்தார்கள். திருடன் பூட்டைத் திறந்து கொண்டுபோனான், இவர்கள் ஊருக்கே மின்சாரத்தை நிறுத்தினார்கள். வைப்பாறு கேட்ட கணக்கு இதில் மட்டும் கையில் இருக்கிறது: பலன் பூஜ்யம். அதே 2022இல் அசாமிலும் அரசு வேலைத் தேர்வுக்காக நிறுத்தினார்கள். யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

தேர்வு எழுதப் போகிறவன் வழி தேட முடியாது, வாடகை வண்டி கூப்பிட முடியாது, சில்லறை இல்லாமல் டீ குடிக்க முடியாது. ஆட்டோக்காரர் க்யூஆர் அட்டையைத்தான் நீட்டுகிறார்.

வழக்குரை | திங்கள், மாலை 5.15

வைகைக்கரை, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். சட்டத்தில் இருப்பது "பொது அவசரநிலை" அல்லது "பொதுப் பாதுகாப்பு". தேர்வில் காப்பி அடிப்பது இரண்டிலும் வராது. மேற்கு வங்கத்தில் 2022 மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு நேரத்தில் சில பகுதிகளில் நிறுத்தியபோது கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது.

பணப் பரிமாற்றம் பற்றி ஒரு வார்த்தை. பத்து ஆண்டுகளாக அரசே எல்லாவற்றையும் இணையத்துக்குள் தள்ளியது. ரேஷன் கடையில் விரல் ரேகை, நூறு நாள் வேலையில் செயலி வழியாக வருகைப் பதிவு, உதவித்தொகை வங்கிக் கணக்கில். அதே அரசு அதே இணையத்தை ஒரு கையெழுத்தில் நிறுத்துகிறது. நிறுத்திய நாட்களில் வேலைக்கு வந்தும் வருகை பதிவாகாத பெண்ணுக்குக் கூலி உண்டா? எந்த உத்தரவிலும் அதற்கு ஒரு வரி இருந்து நான் படித்ததில்லை. இணைய உரிமை என்றால் ஏதோ பேஸ்புக்கில் கருத்துச் சொல்லும் உரிமை என்று நினைப்பவர்கள் ஒரு ரேஷன் கடை வரிசையில் நின்று பார்க்க வேண்டும்.

காக்கி ஐயாவுக்கு இன்னொன்று. ஸ்டான்போர்டில் யான் ரிட்சாக் என்ற ஆய்வாளர் 2016ஆம் ஆண்டில் இந்தியாவில் நடந்த போராட்டங்களையும் இணைய நிறுத்தங்களையும் நாள் வாரியாக ஒப்பிட்டு 2019இல் ஒரு கட்டுரை எழுதினார். இணையம் நின்ற சூழலில் வன்முறை கூடியதாகவே அவருக்குத் தெரிந்தது. காரணம் யோசித்தால் புரிகிறது. அமைதியாக ஊர்வலம் நடத்தத்தான் ஒருங்கிணைப்பு வேண்டும்; எத்தனை மணி, எந்த வழி, எங்கே கலைவது என்று சொல்லியாக வேண்டும். கல் எறிய எந்த ஏற்பாடும் வேண்டாம்.

காக்கி ஓய்வு | திங்கள், இரவு 8.05

ஒரு ஆய்வை வைத்து முடிவு கட்ட மாட்டேன், அம்மா. ஆனால் கடைசி மூன்று வரிகள் பந்தோபஸ்துக்குப் போன எவனுக்கும் புரியும். தலைவன் போன் எடுக்கிற கூட்டத்தை நாங்கள் விரும்புவோம். தலைவன் இல்லாத கூட்டம்தான் பயம்.

சரி, வைப்பாறு. காகிதம் காகிதம் என்கிறீர்களே, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டீர்களா?

வைப்பாறு | திங்கள், இரவு 8.30

2018 உத்தரவைக் கேட்க இவ்வளவு காலம் கழித்து என்ன பயன் என்று விட்டுவிட்டேன். இந்த இழைக்குப் பிறகு கேட்கத் தோன்றுகிறது. ஆனால் "பாதுகாப்புக் காரணங்களால் தர இயலாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

காக்கி ஓய்வு | திங்கள், இரவு 8.52

முடிப்பார்கள், நீங்கள் கேட்கிற விதத்தில் கேட்டால். "ஏன் நிறுத்தினீர்கள்" என்று கேட்காதீர்கள். அது விளக்கம், தகவல் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். உளவுத் தகவல் என்ற சொல்லையே எழுதாதீர்கள். மறுஆய்வுக் குழு கூடியதா, எந்தத் தேதி, கூட்டக் குறிப்பின் நகல். அவ்வளவுதான். குழு கூடியிருந்தால் தேதியை மறைக்க ஒரு காரணமும் இல்லை. கூடவில்லை என்றால் அதுவே உங்களுக்கு வேண்டிய பதில்.

வழக்குரை | திங்கள், இரவு 9.20

ஐயா இந்தப் பக்கம் வந்துவிட்டார்! மிகச் சரியான யோசனை. 2024 தொடக்கத்தில் காஷ்மீர் விவகாரம் மறுபடி வந்தபோது, மறுஆய்வு உத்தரவுகள் அலமாரியில் வைத்துப் பூட்டுவதற்கானவை அல்ல என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. அதைக் குறிப்பிடுங்கள்.

வைப்பாறு, மனுவைத் தலைமைச் செயலகம் உள்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 2018 மே 23 உத்தரவின் நகல், அது மறுஆய்வுக் குழுவுக்கு அனுப்பப்பட்ட தேதி, குழு கூடிய தேதி, குறிப்பின் நகல். திருநெல்வேலியையும் கன்னியாகுமரியையும் சேர்த்ததற்கான கோப்புக் குறிப்பைத் தனி மனுவில் கேளுங்கள்; ஒன்றில் போட்டால் ஒன்றைக் காட்டி எல்லாவற்றையும் மறுப்பார்கள். ஒரு பகுதி ரகசியம் என்றால் அதை மட்டும் மறைத்து மீதியைத் தர 10ஆம் பிரிவு இருக்கிறது. முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

வைப்பாறு | திங்கள், இரவு 9.47

எழுதத் தொடங்கிவிட்டேன். ஒரு சந்தேகம்: கோப்பே இல்லை, அழித்துவிட்டோம் என்று சொன்னால்?

காக்கி ஓய்வு | திங்கள், இரவு 10.02

அழித்த கோப்புக்கு ஒரு பதிவேடு உண்டு. யார் கையெழுத்தில், எந்தத் தேதியில், எந்த ஆணைப்படி அழித்தார்கள் என்று அதில் இருக்கும். அதன் நகலையும் இப்போதே கேட்டுவிடுங்கள், இன்னொரு மனு எழுதும் வேலை மிச்சம்.

இம்பால் சாலை | திங்கள், இரவு 10.10

மனு தயாரானதும் இங்கே போடுங்கள், வைப்பாறு. மணிப்பூர் உள்துறைக்கு அதையே ஆங்கிலத்தில் எழுதப் போகிறேன். மே 3இலிருந்து டிசம்பர் வரை எத்தனை உத்தரவு போட்டார்களோ அத்தனைக்கும் தனித்தனியாக.